பூட்டிய பள்ளியும் முப்பது மணி நேரமும்

மதுரையில் வெயில் சதமடிக்கிற நாட்களில்தான் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. செமஸ்டர் தேர்வு முடிந்து, அழகர் ஆற்றில் இறங்கி மலை திரும்புவதற்குள் விடுதி அறைகள் காலியாகிவிடும். இரண்டாம் ஆண்டு முடித்தவர்களுக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் 2023 மாதிரிப் பாடத்திட்டப்படி கோடையில் 30 மணி நேர இன்டர்ன்ஷிப் முடித்தால் 2 கிரெடிட். பி.காம். படிப்பவர் ஆடிட்டர் அலுவலகம் தேடிப் போகிறார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன் என்று நோட்டும் சாக்பீஸுமாகக் கிளம்புகிறவர்களும் உண்டு. இவர்கள் மேலூர்ப் பக்கமோ செல்லம்பட்டிப் பக்கமோ பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படுவது பூட்டிய பள்ளிக்கூடம். கல்லூரிக்குக் கோடை என்றால் பள்ளிக்கும் கோடைதானே!

பிள்ளைகள் எங்கே? பாதிப் பேர் அம்மாச்சி வீட்டில். மிச்சப் பேரில் சிலர் விடியும் முன்பே அம்மாவோடு மல்லிகைத் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். மொட்டு விரியுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும், மதுரை மல்லிக்குக் கோடையில்தான் வரத்து அதிகம். திரும்பி வந்து கஞ்சி குடித்துவிட்டுக் கண்மாய்க்கரை மர நிழலில் கிரிக்கெட். காலை பத்து மணிக்கு வகுப்பு என்று தாளில் எழுதிக்கொண்டு வந்த மாணவிக்கு முன்னால் நாலு வாண்டுகளும் ஒரு ஆட்டுக்குட்டியும் உட்கார்ந்திருக்கும். அதே ஊரில் சாயங்காலம் ஐந்தரைக்கு மந்தைச் சாவடியில் உட்கார்ந்து பார்த்தால் கூட்டம் தானாகச் சேரும். ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று அவருக்குப் பதற்றம்.

பத்து மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவே கிடக்கும் இந்த இடைவெளிதான் விஷயமே. மற்றதெல்லாம் கிரெடிட் கணக்கு.

இப்படி ஊருக்கு உதவியபடியே படிப்பதற்கு 'சேவைவழிக் கற்றல்' என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்கர்கள். ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே இருவரும் 1967-இல் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். உதவி செய்கிறவரும் அந்த வேலையிலிருந்து பாடம் படிக்க வேண்டும், செய்ததைத் திரும்ப யோசித்து எழுத வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டே ஆண்டில், காந்தி நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24-இல் இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதன் கணக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். 2018 கோடையில் மத்திய அரசு நடத்திய தூய்மை இந்தியா இன்டர்ன்ஷிப்புக்கு 100 மணி. இப்போது 30. மணிக்கணக்கு மாறிக்கொண்டே வருகிறது. அந்த மணி எப்போது அடிக்க வேண்டும் என்று ஊரைக் கேட்கும் வழக்கம் மட்டும் வரவில்லை.

கேட்டவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். மதுரை டி.வி.எஸ். குடும்பத்தின் மகளான டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே 1956-இல் எழுந்த கிராமிய நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் மாணவர்கள் ஊரிலேயே தங்கிப் பணி செய்ய ஒரு திட்டம் உண்டு. தங்குவதில்தான் சூட்சுமம். ராத்தங்கினால்தான் விடிகாலைப் பூப்பறிப்பும் தெரியும், எட்டு மணிக்கு டி.வி. முன்னால் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையும் தெரியும். பஸ் ஏறி வந்து பஸ் ஏறிப் போகிறவருக்கு ஊரின் நடுப்பகல் மட்டுமே காணக் கிடைக்கும்; கோடை நடுப்பகலில் நாய்கூட வெளியே வராது.

கேட்டி வில்காக்ஸ் 1948-இல் நிறுவிய மதுரை லேடி டோக் கல்லூரியில் சேவைவழிக் கற்றலுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. தோக்கியோவின் சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆசியக் கல்லூரிகள் அமைத்த சேவைவழிக் கற்றல் வலைப்பின்னலில் லேடி டோக்கும் அமெரிக்கன் கல்லூரியும் இடம்பெற்றன. அந்த வழியாக ஜப்பானிய மாணவர்கள் தங்கள் கோடை விடுமுறையில் மதுரைக்கு வந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய கோடை ஆகஸ்டில் வருகிறது. நமக்கு அப்போது ஆடி முடிந்து ஆவணி. பள்ளி திறந்து இரண்டு மாதம் ஓடியிருக்கும், பிள்ளைகள் பெஞ்சில் இருப்பார்கள். நம்மூர்ப் பள்ளிக்கு ஜப்பான்காரர்களின் கோடை பொருந்துகிற அளவுக்கு நம் கோடை பொருந்தவில்லை!

கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மாலை வகுப்பு, அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். பிள்ளை வராவிட்டால் வாசலில் நின்று, "என்னத்தா, மகனை இன்னைக்கு அனுப்பலையா?" என்று கேட்க அவர்களால் முடிந்தது. கல்லூரி மாணவி ஊருக்குப் போனதும் முதலில் சந்திக்க வேண்டியவர் அப்படியொரு தன்னார்வலர் அக்காதான். ஊராட்சித் தலைவர், கிளார்க் எல்லாம் அப்புறம்.

இன்னொன்றும் கவனித்தேன். சமீப ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் ஜூன் முதல் பாதியில் திறக்க, அரசு கலைக் கல்லூரிகளில் ஏற்கெனவே படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஜூன் நடுவில்தான் திரும்புகிறார்கள். இடையில் ஒரு வாரம், சில ஆண்டுகளில் அதற்கு மேலும் கிடைக்கிறது. ஐந்தாம் வகுப்போடு முடியும் ஊர்ப் பள்ளிகளில் டி.சி. வாங்கும் நாட்கள் அவை. ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளி. சாதிச் சான்று, ஆதார், போட்டோ, இலவச பஸ் பாஸ் என்று அலைச்சல். கூலிக்குப் போகும் அம்மா அதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். சாவடியில் மே மாதம் முழுக்கக் கூட்டல் கழித்தல் சொல்லித் தந்த கல்லூரி அக்கா, அந்த வாரத்தில் அந்தப் பிள்ளையோடு அடுத்த ஊர் வரை போய், விண்ணப்பத்தை நிரப்பி, தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு வரலாம். அந்த அரை நாளையும் 30 மணியில் சேர்த்துக் கையெழுத்துப் போடத் துறைத்தலைவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.