கம்மல் காசில் உருவாகும் மயில்... சேலையூர் அக்காவின் அடுத்த ஆட்டம்!

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து இரண்டு தெரு உள்ளே நடந்தால் அந்த வீடு வந்துவிடும். மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய பிளைவுட் பலகை. அதன்மேல் ஈரத்துணி போர்த்தி ஏதோ படுத்திருந்தது. குனிந்து பார்க்கப் போனேன்.

"தொட்டுடாதம்மா, இன்னிக்கு நாலாவது நாள்தான். இன்னும் காயல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

துணிக்குள் இருந்தது ஒன்றரை அடி களிமண் மயில். செய்தவரை எங்கள் ஏரியாவில் 'டெரகோட்டா கம்மல் அக்கா' என்றால்தான் தெரியும். பத்து வருடங்களுக்கு மேலாக வீட்டிலேயே நகை செய்கிறார். என் காலேஜ் ஃபேர்வெல் புடவைக்கு மேட்ச்சிங் ஜிமிக்கியும் இவர் கைவண்ணம்தான். "பேரை மட்டும் போட்டுடாத. தெரிஞ்சவங்கதானேன்னு இப்பவே பாதிப்பேர் விலையைக் குறைக்கச் சொல்றாங்க" என்று சிரித்தார். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'அக்கா' மட்டுமே.

கம்மல் நன்றாகத்தானே போகிறது, எதற்கு இந்த மயில்?

"எங்க நல்லா போகுது? முன்னெல்லாம் ஒவ்வொரு இதழும் ஊசியால கீறி எடுப்பேன். இப்போ ரப்பர் அச்சுல மண்ணை அழுத்தினா ரெண்டு நிமிஷத்துல லட்சுமி வந்துடறா. என்கிட்ட கத்துக்கிட்ட பொண்ணுங்களே என்னைவிடக் கம்மியா விக்கிறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் வாடகை இருக்கே. எனக்குக் கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

இடையில் ரெசின் முயன்றார். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. ஆரி வேலை வகுப்புக்கும் போனார். தாம்பரம் சுற்று வட்டாரத்தில் தெருவுக்கு ஓர் ஆரி அக்கா இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். கடைசியில் கை பழகிய மண்ணுக்கே வந்தார். அளவு மட்டும் மாறியது. காதில் தொங்கியது சுவருக்குப் போனது.

ஆனால், அளவு மாறினால் மண்ணின் குணமே மாறிவிடும் என்பதை முதல் மயில்தான் சொல்லிக்கொடுத்தது. களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கலாம். ஓர் அங்குலக் கம்மலில் அது கண்ணுக்கே தெரியாது. ஒன்றரை அடி மயிலிலோ கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் காணாமல் போகும். அதுவும் ஓரம் முதலில் காய்ந்து, நடு ஈரமாகவே இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, கழுத்தில் விரிசல் விழும். தடிமனான இடத்தில் ஈரம் மிச்சமிருந்து சூளைக்குப் போனால், அது ஆவியாகி வெளியேற வழி தேடி மண்ணை வெடித்துவிடும். அக்காவின் முதல் மயிலுக்கு இரண்டுமே நடந்தது!

இப்போது தடிமனான பகுதிகளைப் பின்பக்கமாகக் குடைந்துவிடுகிறார். ஈரத்துணி போர்த்தி மெதுவாகக் காயவைக்கிறார். மயிலை ஆறு துண்டுகளாக வெட்டிச் சுட்டு, பிறகு பலகையில் சேர்த்து ஒட்டுகிறார். வெட்டுக்கோடு தோகையின் வளைவோடு போவதால் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. கம்மலை மொட்டைமாடியில் மண்சட்டிக்குள் மரத்தூள் போட்டுச் சுட்டுவிடலாம். மயில், தெரிந்த குயவர் ஒருவரின் சூளைக்கு ஆட்டோவில் போகிறது, மடியில் குழந்தை மாதிரி.

இந்தக் கதையைக் கேட்டதும் எனக்குச் சோழமண்டலம் ஞாபகம் வந்தது. ஈ.சி.ஆரில் அந்த போர்டை அக்கா நூறு தடவை தாண்டியிருக்கிறாராம், உள்ளே போனதில்லை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஒரு நாள் இருவரும் ஸ்கூட்டியில் ஈஞ்சம்பாக்கம் போனோம்.

சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களோடும் சக கலைஞர்களோடும் சேர்ந்து 1966-ல் தொடங்கிய கலைஞர் கிராமம் அது. அந்தக் காலத்தில் நவீன ஓவியத்தை வாங்க ஆளில்லை. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள் கலைஞர்கள். அந்த வருமானத்தின் துணையோடுதான் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். பகலில் விற்பதற்குக் கைவினை, மீதி நேரத்தில் தனக்குப் பிடித்த ஓவியம். கைவினையைத் தாழ்வாக நினைக்காமல், அதையே சோறாக்கிக்கொண்டு கலை செய்தவர்கள்.

"அப்போ நான் பண்றதும் அதேதானே... கம்மல் காசுலதானே மயில் வளருது" என்றார் அக்கா. கேட்டுவிட்டு எஸ். நந்தகோபாலின் செம்பு, பித்தளைச் சிற்பங்களின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பணிக்கரின் மகன் அவர். ஆளுயர உலோகச் சிற்பத்தில் நகை வேலைப்பாடு மாதிரி சின்னச் சின்ன நுணுக்கம் ஓடும். பி.வி. ஜானகிராமும் இதே வழிதான், செம்புத் தகட்டைத் தட்டி, மேலே கம்பியால் அலங்காரம் செய்தவர். "இது ஒட்டியாணம் மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டபோது அக்கா சிற்பத்தைப் பார்க்கவில்லை, வேலைப்பாட்டை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நகையிலிருந்து வேறு கலைக்குப் போவது நமக்குப் புதிதுமில்லை. தட்டார், கன்னார், கொல்லர், தச்சர், சிற்பி என்று ஐந்து தொழிலையும் ஒரே குடும்பமாகச் சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கும் மெழுகு முறை, நகைப் பட்டறையிலும் இருக்கிறது.

வெளிநாட்டிலும் உதாரணங்கள் உண்டு. அந்தரத்தில் ஆடும் 'மொபைல்' சிற்பங்களால் புகழ்பெற்ற அமெரிக்கரான அலெக்ஸாண்டர் கால்டர், சிறுவயதில் தெருவில் கிடந்த செம்புக் கம்பியை வளைத்துத் தன் அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தவர். பெரிய சிற்பியான பிறகும் நகையை விடவில்லை. வாழ்நாளில் அவர் செய்த நகைகள் சுமார் 1,800. 1955-ல் அகமதாபாத் வந்து தங்கியபோதும் சிற்பங்களோடு நகையும் செய்தார். பிரான்ஸின் ரெனே லாலிக் கதை நேர் எதிர். பாரீஸே கொண்டாடிய நகைக் கலைஞர், வாசனைத் திரவிய பாட்டில்கள் செய்யப் போய், கடைசியில் முழுநேரக் கண்ணாடிக் கலைஞராகிவிட்டார்.

அக்கா லாலிக் இல்லை, கால்டர் கட்சி. "கம்மலை விட்டா மாசக் கடைசியில கேஸ் சிலிண்டருக்கு என்ன பண்றது?"

கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு இரண்டரை மணி நேரம், விலை 250 ரூபாய். மயிலுக்கு நாற்பது மணி நேரம். ராஜகீழ்பாக்கத்தில் புதுவீடு கட்டியவர் கேட்டபோது 4,500 சொன்னார். "மண்ணுதானேங்க?" என்று பதில் வந்ததாம். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். கம்மலுக்குக் கிடைக்கும் அதே மணிக்கு 100 ரூபாய் வைத்தாலே 4,000 ஆகிவிடுகிறது. மீதி 500-க்குள் சூளைக்கூலி, ஆட்டோ, பலகை எல்லாம் அடங்க வேண்டும். மூன்று செய்தால் ஒன்று சூளையில் உடைகிறது. கம்மல் உடைந்தால் இரண்டரை மணி நேரம் போகும். மயில் உடைந்தால் ஒரு வாரம்.

அடுத்த மயிலுக்கு 6,500 சொல்லப் போகிறார். வாங்குவார்களா?

"வாங்கலைன்னா என் வீட்டு ஹால்லயே மாட்டிக்கிறேன். அதுவும் காலியாத்தான் இருக்கு."

நான் கிளம்பும்போது தீபாவளி ஆர்டர் கம்மல்களுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே வானம் மூடியிருந்தது. "ஒரு கை பிடியேன், பலகையை உள்ளே வெச்சுடலாம்" என்றார். துணியை விலக்கி, மயில் கழுத்தின் ஆரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அச்சு இல்லை, எல்லாம் ஊசிக் கீறல்.

"இன்னும் ரெண்டு நாள்" என்று மறுபடி மூடினார்.