பின்வாங்கத் தெரிந்த வாகனம்

கவச வாகனம் என்றதும் நீண்ட பீரங்கிக் குழாயே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆயுதத்தின் பருமனைக் கொண்டே வாகனத்தின் மதிப்பை அளந்து பழகிவிட்டோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் பயன்படுத்திய 'டிங்கோ' என்னும் வேவுக் காரை அந்த அளவுகோலால் அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். எடை சுமார் 3 டன். இருவர் மட்டுமே அமரலாம். ஆயுதம் என்று பார்த்தால், வழக்கமாக இருந்தது ஒரேயொரு பிரென் இலகு ரக இயந்திரத் துப்பாக்கிதான். ஆயினும், 1939 முதல் 1945 வரை 6,600-க்கும் மேற்பட்ட டிங்கோக்களை டெய்ம்லர் நிறுவனம் தயாரித்தது.

எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான், எந்தப் பாலம் இன்னும் தகர்க்கப்படவில்லை, எந்தச் சாலையில் டாங்கிகள் செல்ல முடியும் என்பதைக் கண்டறிந்து சொல்வதே இதன் வேலை. அதற்கு இன்றியமையாத கருவி வானொலி. கண்டதைச் சொல்லும் முன்பே காரில் இருப்பவர்கள் மாண்டுவிட்டால், பின்னால் வரும் படை குருடாகிவிடும். பிரென் துப்பாக்கியின் 7.7 மி.மீ. தோட்டா எந்த டாங்கியையும் துளைக்காது. எதிரிக் காலாட்களைச் சில நொடிகள் தலைதாழ்த்த வைக்கும். தப்பிச் செல்ல அந்த நொடிகள் போதும் என்பதே கணக்கு.

வாகனத்தின் அமைப்பு முழுவதிலும் இந்தக் கணக்கைக் காணலாம். உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். வேலிப் புதருக்குப் பின்னால் மறைந்துவிடும். முன்புறக் கவசம் 30 மி.மீ. தடிமன் கொண்டது. முன்னோக்கிச் செல்ல ஐந்து கியர்கள் இருந்ததைப் போலவே பின்னோக்கிச் செல்லவும் ஐந்து. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபடி ஓட்டுவதற்கு ஏதுவாக ஓட்டுநரின் இருக்கைகூடச் சற்றே சாய்வாகப் பொருத்தப்பட்டது. வண்டியைத் திருப்ப நேரமின்றி, எதிரிக்கு முகம் காட்டியபடியே பின்வாங்க வேண்டிய நிலை வரும் என்பதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தனர். முதல் குண்டு யார் மீது பாயும் என்பதை உள்ளே இருந்த இருவரும் அறிந்தே இருந்திருப்பார்கள்.

ஜெர்மானியர் வேறு வழியில் சிந்தித்தனர். அவர்களுடைய '222' ரக இலகு கவசக் காரில் 20 மி.மீ. பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் இருந்தன. ஒளிந்திருக்கும் எதிரியைச் சுட்டுக் கிளப்பினால்தான் சில உண்மைகள் வெளிவரும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் 'எம்3ஏ1' காரோ இரண்டுங்கெட்டான். 12.7 மி.மீ. கனரக இயந்திரத் துப்பாக்கி இருந்தும் மேற்கூரை கிடையாது. உள்ளே இருந்தவர்களுக்கு மேலிருந்து வரும் வெடிச்சிதறல்களிலிருந்து பாதுகாப்பே இல்லை.

சுடும் வலிமை தேவைப்படும் என்பதை பிரிட்டிஷாரும் மறுக்கவில்லை. ஆனால், அதை டிங்கோவின் மீது ஏற்றாமல் வேறொரு வண்டிக்குக் கொடுத்தனர். போரின் பிற்பகுதியில் அவர்களின் கவசக் கார் அணிகளில் இரண்டு டிங்கோக்களுடன், 40 மி.மீ. பீரங்கி கொண்ட இரண்டு டெய்ம்லர் கவசக் கார்களும் சேர்ந்தே சென்றன. சிறியது முன்னே சென்று பார்க்கும். சிக்கிக்கொண்டால் பெரியது காக்கும். வேவு பார்க்கும் வண்டிக்குப் பெரிய பீரங்கி கொடுத்தால், பார்க்க வேண்டியவர்கள் சண்டையில் இறங்கிவிடும் அபாயம் உண்டு. ஆகவே, இந்தப் பிரிவினையே அறிவார்ந்தது என்பது என் கருத்து.

இத்தாலியரும் அதன் அருமையை உணர்ந்தனர். டிங்கோவைப் பார்த்து 'லின்சே' என்ற பெயரில் லான்சியா நிறுவனம் தயாரித்த காரிலும் இருந்தது ஓர் இயந்திரத் துப்பாக்கிதான்.