விளக்கை அணைத்துப் பழகும் மாணவர்கள்

2012-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி. நண்பகல் தாண்டிய நேரம்.

வட இந்தியா, கிழக்கு இந்தியா, வடகிழக்கு இந்தியா மூன்றிலும் ஒரே சமயத்தில் மின்சாரம் நின்றது. ரெயில்கள் நடுவழியில் நின்றன. 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதி அது!

காரணம் என்ன? பீனா - குவாலியர் மின்பாதையில் பளு கூடியது. அந்தப் பாதை துண்டித்துக் கொண்டது. அதன் பளு மற்றப் பாதைகள் மேல் விழுந்தது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன.

இதைத் தடுக்க ஒரு என்ஜினீயர் எப்படிப் பழகுவது? ஓடுகிற மின்பாதையை அறுத்துப் பார்த்துப் பாடம் படிக்க முடியுமா? ஆஸ்பத்திரி இருண்டு போகுமே!

அறுத்தாலும் ஆபத்தில்லை

அங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்களில் மின் என்ஜினீயரிங் மாணவர்களுக்கு 7-வது பருவத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடப் பாடம் வைக்கப்பட்டது. 1981-ல் தொடங்கிய நெல்லை அரசு பொறியியல் கல்லூரி அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததுதான்.

மின் நிலையம், மின்பாதை, ஊர்களின் தேவை எல்லாவற்றையும் மாணவி எண்களாகக் கொடுக்கிறாள். எந்தப் பாதையில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. பிறகு ஒரு பாதையை 'அறுக்கிறாள்'. மறுபடி கணக்கு. அடுத்து எந்தப் பாதை தாங்காது என்பது தெரிந்து விடுகிறது. முன்காலத்தில் இதற்கு நாள் கணக்கில் பென்சிலைத் தேய்க்க வேண்டும்.

ஒரு வேடிக்கை. உலகமெங்கும் மாணவர்கள் போட்டுப் பழகும் '14 முனை' கணக்கு, 1962 பிப்ரவரியில் அமெரிக்காவில் இருந்த மின் அமைப்பின் ஒரு துண்டு! பழகுவதற்கு அது நல்லதுதான். ஆனால் நெல்லைச் சீமையின் காற்று அதில் வீசாதே!

சொன்னபடி கேட்காத காற்று

பாபநாசத்தில் தாமிரபரணி 1944 முதல் மின்சாரம் தருகிறது. தண்ணீரை வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். கயத்தாறு, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் அப்படி அல்ல. ஆடிக்காற்றில் வேகமாகச் சுழலும். காற்று விழுந்தால் நிற்கும்.

கூடங்குளம் அணு மின் நிலையத்தில் ஊழியர்கள் பழகுவதற்கு, கட்டுப்பாட்டு அறையின் அச்சாகவே ஓர் அறை உண்டு. பொத்தான்கள் உண்மை, உலை மட்டும் கம்ப்யூட்டரில்!

கல்லூரி மாணவர்களுக்கும் சொந்த ஊர்க் கணக்கு ஒன்று வேண்டும். காற்று விழுந்த நிமிடத்தில் கூடங்குளத்தின் 1000 மெகாவாட் உலை ஒன்றும் நின்றால், எந்தப் பாதை தாங்கும்? எந்த நிலையம் கைகொடுக்கும்? பாபநாசத்தின் முழுச் சக்தியே 32 மெகாவாட்தான்.