யாரை எழுப்புவது?

ஆய்வு முடிவுகளைக் கொண்ட ஒரே கோப்பில் இரு நிரல்கள் ஒருசேர எழுதினால் எழுத்துகள் கலந்துவிடும். மூன்று மாதக் கணக்கீடு பாழ். ஆகவே, எழுத வரும் நிரல் முதலில் கோப்பைப் பூட்டுகிறது. பின்னர் வருவன, பூட்டுத் திறக்கும்வரை உறங்குகின்றன. படிக்க மட்டும் வருவன பூட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். எழுத வருவதற்கோ தனியுரிமை வேண்டும். (பூட்டுக் கேளாமலே எழுதும் முரட்டு நிரலை லினக்ஸ் தடுப்பதில்லை. அது வேறு கதை.)

பூட்டுத் திறந்ததும் உறங்குவனவற்றுள் எதை எழுப்புவது? லினக்ஸ் இயங்குதளம் நெடுங்காலம் எல்லாவற்றையும் எழுப்பி வந்தது. எழுதுவதற்கு நூறு நிரல்கள் காத்திருந்தால் நூறும் எழும். ஒன்று பூட்டைப் பெறும். தொண்ணூற்றொன்பது மீண்டும் உறங்கும். அடுத்த முறை அந்தத் தொண்ணூற்றொன்பதும் எழும். கூட்டிப் பாருங்கள், 5,050 விழிப்புகள்! விடுதியில் ஒரு குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் ஒலி கேட்டு, மாடி முழுவதும் துண்டோடு ஓடிவருவது போன்றது இது.

வரிசையில் நிறுத்தி, முதலில் நிற்பதை மட்டும் எழுப்பினால் என்ன? போதாது. கோப்பின் முதல் 100 பைட்டுகள் பூட்டப்பட்டுள்ளன என்று கொள்வோம். முற்பாதியை வேண்டி ஒரு நிரலும், பிற்பாதியை வேண்டி மற்றொன்றும் காத்திருக்கின்றன. இவற்றுக்குள் மோதலே இல்லை. இரண்டும் ஒன்றாகவே உள்ளே செல்லலாம். ஒன்றை மட்டும் எழுப்பினால் மற்றது வீணே உறங்கும்.

நீல் பிரவுன் வகுத்த மாற்றம், 2019 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.0இல் இடம்பெற்றது. அதில் காத்திருப்பவை மரமாக அமைகின்றன. புதிதாக வரும் நிரல், பூட்டை வைத்திருக்கும் நிரலின் கீழ்க் கிளையாகத் தொங்கும். அங்கே முன்பே தொங்கும் ஒன்றோடும் மோதுமானால், அதன் கீழ்ச் சென்று தொங்கும். ஆகவே நேர்க் கிளைகள் ஒன்றோடொன்று மோதாதவை. பூட்டுத் திறந்ததும் அவை மட்டுமே விழிக்கும், பேரப்பிள்ளைகள் உறங்கட்டும். நூறு எழுதுவோர்க்கு இப்போது விழிப்பு நூறே!

காத்திருக்கும் நிரல் இடையில் மாண்டால், அதன் கிளைகளை எழுப்பி மீண்டும் முயலச் செய்ய வேண்டும்; இன்றேல் அவற்றை எழுப்ப எவரும் இரார். லினக்ஸ் அதையும் செய்கிறது.

ஆனால் இதை நேர்மையான வரிசை என்று எண்ண வேண்டா. எழுப்பப்பட்ட நிரல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதற்குள், புதிதாக வந்த ஒன்று பூட்டைப் பறித்துக்கொள்ள இடமுண்டு. அப்போது அது தன் கிளைகளை எழுப்பிவிட்டு, தான் மட்டும் அந்தப் புதியதன் கீழ்ச் சென்று தொங்கி, மீண்டும் உறங்கும்.