கல்லாப் பெட்டியைக் கொடுத்த பர்மாக்காரர்

வியாசர்பாடியில் நான் அத்தோ கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் உட்காருவதும் நான்தான். 'யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் கத்துக் கொடுத்தது?' என்று கடைக்கு வரும் பெண்கள் கேட்பார்கள். 2022ல், 75 வயதில் காலமான என் வீட்டுக்காரர்தான். அவரைப் பற்றித் தோழிகளுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

அவர் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். மாமனாருக்கு அங்கே பலசரக்குக் கடை. 1962ல் பட்டாளத்து ஆட்சி வந்தது. 1964ல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதே வருடம் மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். கடையும் போய், கையிருப்பும் வெறும் காகிதமாகிவிட்டது. கப்பல் ஏறும்போது, சோதனை போட்டவர்கள் தாலியைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டதாக என் மாமியார் சொல்வார். மஞ்சள் கயிற்றோடு மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்களாம். அப்போது இவருக்கு 17 வயது.

சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். போய்ப் பார்த்தால் பாட்டன் நிலம் பங்காளிகள் கையில். திரும்பி மெட்ராசுக்கே வந்துவிட்டார்கள். அந்த ஏக்கத்திலேயே மாமனார் இரண்டு வருடத்தில் கண்ணை மூடிவிட்டார். இவருக்குத் தாய்மாமன் ஒருவர், 'எனக்கு இந்த ஊர் ஒத்துவரல, நடந்தாவது ரங்கூன் போயிடறேன்' என்று மணிப்பூர் வழியாகக் கிளம்பினார். எல்லையைத் தாண்ட விடவில்லை. அங்கேயே மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார். அவரைப் போல் கிளம்பிப்போன தமிழர்கள் நிறையப் பேர் அந்த ஊரிலேயே குடியேறினார்கள்.

இவரால் அப்படிக் கிளம்ப முடியுமா? அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்களே. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் வந்த பிறகு, ஒரு கடையில் டிரான்சிஸ்டரும் வாட்சும் விற்கும் பையனாக நின்றார். சாயந்திரமானால் அம்மாவோடு தள்ளுவண்டியில் அத்தோ போடுவார். அவித்த நூடுல்சில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த் தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பது அத்தோ. கூடவே வாழைத்தண்டு சூப்.

1973ல் எங்களுக்குக் கல்யாணம். எனக்கு 19 வயது, கிராமத்துப் பெண். ஆம்பளைங்க இருக்கிற இடத்தில் நின்று பேசியதுகூட இல்லை. வந்த மூன்றாம் மாதமே கல்லாப் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார். எனக்குக் கை காலெல்லாம் நடுக்கம். 'பொண்டாட்டியை ரோட்டுல உட்கார வெச்சு சம்பாதிக்கிறான் பாரு' என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. 'எங்க ஊர் மார்க்கெட்ல வந்து பாருங்க. கடை முச்சூடும் பொம்பளைங்க கையிலதான். ஆம்பளை மூட்டை இறக்குவான், துட்டு எண்றது அவங்கதான்!' ரங்கூனைத்தான் கடைசி வரைக்கும் 'எங்க ஊர்' என்பார். தங்கமும் பணமும் கொண்டுவர முடியாதவர் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார் பாருங்கள், எந்தச் சோதனையிலும் அதை யாராலும் பிடுங்க முடியவில்லை.

கணக்கு நோட்டில் பர்மிய எண்களில்தான் எழுதுவார். சரக்கு வாங்கிய விலை அடுத்தவருக்குத் தெரியக் கூடாதாம்! ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பத்து நாளில் அந்த எண்களைச் சொல்லிக் கொடுத்தார். தப்பாகக் கூட்டினால் திட்ட மாட்டார், 'இன்னொரு தரம் பாரு புள்ள' என்பார், அவ்வளவுதான்.

1986ல் ஒருநாள், ஆக்கிரமிப்பு என்று வண்டியைப் பாத்திரத்தோடு எடுத்துப் போய்விட்டார்கள். சின்னவளுக்கு அப்போது காய்ச்சல் வேறு. நான் அழுதுகொண்டே இருந்தேன். அவர் ராத்திரி முழுக்கப் பேசவே இல்லை. மறுநாள் விடிந்ததும் என் வளையலைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் அலுமினியக் குண்டான் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். 'சூப்பு மட்டும் காய்ச்சு, இன்னிக்கு அது போதும்' என்றார். வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு சூப் விற்றோம். வாடகைக்கு ஒரு சின்னக் கடை பிடிக்க நாலு வருடம் ஆயிற்று.

மகளை பி.காம். படிக்க வைத்தார். மகன் ஐ.டி.ஐ. முடித்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் 'தமின் சா பீபீலா?' என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். எங்கள் வீட்டில் மிஞ்சிய பர்மிய பாஷை அவ்வளவுதான். பர்மா திறந்துவிட்ட பிறகு, 'ஒரு தடவை போயிட்டு வரலாம்ப்பா' என்று மகள் டிக்கெட் விலைகூட விசாரித்தாள். 'அங்க யாரு இருக்கா?' என்று தட்டிக் கழித்துவிட்டார். ஆனால் 2021 பிப்ரவரியில் அங்கே மறுபடி பட்டாளம் ஆட்சியைப் பிடித்த செய்தி டி.வி.யில் வந்தபோது, தட்டில் போட்ட சோற்றைத் தொடவில்லை. 'மறுபடியுமா? எந்தப் புள்ள மூட்டையைக் கட்டுதோ' என்றார்.

அவர் காரியம் முடிந்ததும் கொழுந்தனார் முறையில் ஒருவர், 'இந்த வயசுல எதுக்கு அண்ணி, கடையைக் கொடுத்துட்டு மகன் வீட்டோட இருங்களேன்' என்றார். 'அம்மா கடை, அம்மாவைக் கேளுங்க' என்றான் மகன். நான் கொடுக்கவில்லை. பதினெட்டாம் நாள் சூப் காய்ச்சினேன்.

இப்போது போனில் ஸ்கேன் செய்து பணம் போடுகிறார்கள். இருந்தாலும் ராத்திரி நோட்டில் பர்மிய எண்ணில்தான் எழுதி வைக்கிறேன். 'என்ன பாட்டி, வட்டம் வட்டமா போட்டிருக்க?' என்று கேட்ட பேத்தி இப்போது ஏழு வரைக்கும் எழுதுகிறாள். எட்டுதான் திருப்பிப் போடுகிறாள்.

- ஒரு வாசகி, வியாசர்பாடி, சென்னை