சொல் உடைந்த வீட்டில் ஓர் இராட்சதன்

மூன்று வருடங்களுக்கு முன் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியால் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் கிழமை, "மகள், அந்தத் திறப்பக் கொண்டு வாங்க" என்றார். நான் அலுமாரித் திறப்பைக் கொண்டுபோய்க் கையில் வைத்தேன். கோபத்தில் வீசி எறிந்தார். அவர் கேட்டது தண்ணீர். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, இருபது வருடமாக இலக்கணம் படிப்பிக்கிறவள் நான். ஒரு பெயர்ச்சொல் தன் பொருளை விட்டு இப்படிக் கழன்று போகும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த நாட்களில்தான் மகன் வாசித்துக்கொண்டிருந்த ரோல்ட் டாலின் 'பீ.எஃப்.ஜி' என்ற சிறுவர் நாவலை நானும் எடுத்து வாசித்தேன். அதில் வரும் நல்ல இராட்சதன் சொற்களைப் புரட்டிப் புரட்டிப் பேசுவான். என்ன சொல்ல வேண்டும் என்பது தனக்குத் தெரியும், வாயில் வருவதுதான் வேறு என்று வருந்துவான். மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாலின் வாழ்க்கையை நோயிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1916இல் வேல்ஸில், நோர்வேயிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். மூன்று வயதில், சில வார இடைவெளியில், அக்காவைக் குடல்வால் அழற்சிக்கும் தகப்பனை நிமோனியாவுக்கும் பறிகொடுத்தார். 1940இல் போர் விமானியாக லிபியப் பாலைவனத்தில் விழுந்து, மண்டை உடைந்து, சில வாரங்கள் பார்வை இல்லாமல் கிடந்தார். தலையில் பட்ட அந்த அடிதான் தன்னை எழுத்தாளனாக்கியது என்று பிற்காலத்தில் சொல்வார். அதை அப்படியே நம்பத் தேவையில்லை, கதைகாரர்தானே!

1960இல் நியூயோர்க்கில், நான்கு மாதக் குழந்தையான மகன் தியோவின் தள்ளுவண்டியில் டாக்சி மோதியது. மூளையில் நீர் கோத்தது. அதை வடிக்க வைத்த குழாயின் வால்வு திரும்பத் திரும்ப அடைபட்டது. ஒவ்வொரு அடைப்புக்கும் குழந்தைக்கு மீண்டும் சத்திரசிகிச்சை. டால் அழுதுகொண்டு இருக்கவில்லை. மாதிரி விமான இயந்திரங்களுக்குச் சின்னஞ்சிறு பம்பிகள் செய்துவந்த ஸ்டான்லி வேட் என்ற பொறியியலாளரையும், கென்னத் டில் என்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரையும் சேர்த்துவைத்தார். மூவரும் இலகுவில் அடைபடாத ஒரு வால்வை உருவாக்கினார்கள். அது தயாரானபோது தியோவுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் உலகெங்கும் ஏறத்தாழ 3000 பிள்ளைகளுக்குப் பொருத்தப்பட்டது. மூவரும் அதில் இலாபம் எடுக்கவில்லை.

அதே 1962இல் மூத்த மகள் ஒலிவியாவுக்குச் சின்னமுத்து வந்தது. ஏழு வயது. தேறி வருகிறாள் என்றுதான் நினைத்தார்கள். ஒருநாள் காலை கட்டிலில் அருகே இருந்து கைவேலை ஒன்று சொல்லிக்கொடுத்தபோது, பிள்ளையின் விரல்கள் மனம் சொன்னபடி அசையவில்லை என்பதைத் தகப்பன் கவனித்தார். நோய் மூளையைத் தொட்டுவிட்டது. சில மணித்தியாலங்களில் நினைவிழந்து, அன்றே இறந்துபோனாள். இங்கிலாந்தில் சின்னமுத்துத் தடுப்பூசி பரவலாகக் கொடுக்கப்பட்டது 1968இல்.

மற்றப் பிள்ளைக்கு வால்வு செய்ய ஆள் தேடிய மனிதருக்கு, இந்தப் பிள்ளைக்காகச் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. அவளைப் பற்றி வீட்டில்கூட அவர் பேசுவது அபூர்வம். அவளுடைய கடைசி மணித்தியாலங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகுதான் அது மேசை லாச்சியிலிருந்து கிடைத்தது. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, 1980களின் பிற்பகுதியில், பெற்றோருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். பிள்ளைக்கு ஊசி போடுங்கள் என்று, மகளின் பெயரைச் சொல்லியே கேட்டார். அவருடைய எழுத்துக்களில் ஆகப் பயன்பட்டது அந்தச் சில பக்கங்களாக இருக்கலாம் என்பது என் எண்ணம். நம் பள்ளிக்கூடங்களிலும் ஊசிக்கான சம்மதக் கடிதத்தை நிரப்பாமல் திருப்பி அனுப்பும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன்.

1965இல் மனைவி பெட்ரீஷியா நீல், ஒஸ்கார் விருது பெற்ற நடிகை, கர்ப்பமாக இருக்கும்போது மூளையில் இரத்தக் கசிவுக்கு ஆளானார். வாரக்கணக்கில் நினைவில்லை. எழும்பியபோது சொற்கள் போய்விட்டிருந்தன. வந்த சொற்களும் எந்த அகராதியிலும் இல்லாதவை. சிகரெட்டுக்கு 'ஓப்லோகன்' என்பார். டால் அயலவர்களை முறை வைத்து வீட்டுக்கு வரவழைத்து, நாளுக்கு ஆறு மணித்தியாலம் அவரோடு பேச, வாசிக்க, விளையாட வைத்தார். மிகக் கடுமையாகவே நடந்துகொண்டார், அதை நீல் மறைக்கவில்லை. ஆனால் 1968இல் அவர் மீண்டும் திரையில் நடித்தார். அந்த அயலவர்களின் முறையிலிருந்தே பிரித்தானியாவில் பாரிசவாத நோயாளிகளுக்கான தொண்டர் திட்டங்கள் வளர்ந்தன.

1990இல், டாலின் கடைசி நாட்களில் ஒக்ஸ்போர்ட்டில் அவரைக் கவனித்த இளம் வைத்தியர் டொம் சொலமன், பின்னர் நரம்பியல் பேராசிரியரானவர், இதைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். இராட்சதனின் உடைந்த மொழிக்கும் நீலின் உடைந்த மொழிக்கும் தொடர்பு உண்டு என்பது அவர் பார்வை. எங்கட வீட்டில் இருந்து பார்த்தால் அது சரியாகத்தான் படுகிறது. 1982இல் வந்த அந்த நாவலை டால் ஒலிவியாவுக்குச் சமர்ப்பித்தார். கதையில் இராட்சதனின் கோணல் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்வது ஒரு சிறுமி.

எங்கள் வீட்டில் அது மகன். வாப்பா "திறப்பு" என்றால் அவன் யோசிக்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போவான். வாப்பா தேறி, தண்ணீரைத் தண்ணீர் என்றே கேட்கத் தொடங்கிய பிறகும், தாகம் எடுத்தால் மகன் என்னிடம் வந்து, "உம்மா, திறப்புத் தாங்க" என்றுதான் கேட்கிறான்.