உலோகம் இல்லாமல் ஒரு கான்ட்ராஸ்ட்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு நடுவே போடும் கான்ட்ராஸ்ட் ஊசியில் வேலை செய்வது கடோலினியம் என்னும் உலோகம். அதன் அயனியில் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு இருப்பதால், பக்கத்தில் வரும் நீரின் சமிக்ஞையை மாற்றிப் படத்தில் அந்த இடத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. தனித்த அயனி நஞ்சு. அதனால் ஒரு கரிம மூலக்கூறின் பிடியில் வைத்தே செலுத்துகிறார்கள். அந்தப் பிடி சில சமயம் நழுவுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் இறுகிப்போகும் ஒரு கொடிய நோயோடு இந்த ஊசிக்குத் தொடர்பு இருப்பது 2006-இல் தெரியவந்தது. பிறகு மூளையிலும் உலோகம் தங்குவது உறுதியாக, 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை பிடி தளர்ந்த பழைய வகைகள் பலவற்றை நிறுத்தியது.

வளைய அமைப்புள்ள வகைகள் உலோகத்தை இறுகப் பிடிக்கின்றனவே, அவை போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலான நோயாளிகளுக்குப் போதும்தான். ஆனால் கடோலினியம் தான் போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டுமே தவிர, அங்குள்ள வேதியியலைச் சொல்லாது. உலோகத்துக்குப் பதிலாகச் சிறிய கரிம மூலக்கூறுகளைத் தேட இதுவே வலுவான காரணம் என்பது என் கருத்து. ஆஸ்பிரின் உடலில் சிதைந்து உண்டாகும் சாலிசிலிக் அமிலத்தைப் பாருங்கள். அதன் ஒரு ஹைட்ரஜன் சுற்றியுள்ள நீரின் ஹைட்ரஜனோடு ஓயாமல் இடம் மாறுகிறது. 3 டெஸ்லா கருவியில் நீரின் அலைவரிசையிலிருந்து அது சுமார் 1,200 ஹெர்ட்ஸ் விலகி நிற்கிறது. அங்கே மட்டும் ரேடியோ அலையைச் செலுத்தினால் அந்த ஹைட்ரஜனின் சமிக்ஞை அழியும். அது நீருக்குள் புகப் புக நீரின் சமிக்ஞையும் குறையும். சர்க்கரையின் ஹைட்ரஜன்கள் நீரின் அலைவரிசைக்கு மிக அருகில் இருப்பதால் இப்படிப் பிரித்தறிவது கடினம். விலகலைக் கூட்டும் மூலக்கூறை வடிப்பதுதான் இங்கே வேதியியலாளரின் கைவேலை.

இம்முறையின் உணர்திறன் குறைவு. மருந்து அதிகம் வேண்டும், ஸ்கேனும் நீளும். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் கிடைக்கும் தகவலோடு சேர்த்து அந்த விலையை எடைபோட வேண்டும். சி.டி. ஸ்கேனுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் அயோபமிடாலில் இப்படி இடம் மாறும் ஹைட்ரஜன்கள் இரண்டு விதம். இரண்டின் வேகமும் அமிலத்தன்மைக்கேற்ப வெவ்வேறாக மாறுவதால், அவற்றின் விகிதத்தைக் கொண்டே திசுவின் பி.எச். அளவைக் கணக்கிடலாம்; எவ்வளவு மருந்து போய்ச் சேர்ந்தது என்று தெரியவேண்டியதில்லை. இத்தாலியின் தூரின் நகர ஆய்வாளர்கள் எலிகளின் சிறுநீரகத்தில் இதைப் படமாகவே எடுத்தார்கள். அயோடின் கலந்த இந்த மருந்தையும் சிறுநீரக நோயாளிகளுக்கு எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும் என்பதால் தேடல் இதோடு முடியவில்லை. ஆனாலும் புற்றுக்கட்டியைச் சுற்றி அமிலம் மிகுந்திருக்கும் பகுதியை, ஊசி குத்திச் சதை எடுக்காமல் படத்திலேயே அளக்க இந்த வழி இடம் தருகிறது; கடோலினியம் வெறுமனே ஒளிர்வதால் அந்த அளவு கிடைப்பதில்லை.